அப்பா ஏன் சிரிப்பதில்லை

டிசம்பர் 4

அண்ணிக்கு,

"அன்புள்ள" என்று ஆரம்பிக்கலாமா என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். இந்தத் தடவைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். போனில் பேசினால் நீங்கள் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, கடைசியில் யாராவது ஒருத்தர் டக்கென்று வைத்துவிடுகிறோம். போன தடவை வைத்தது நான்தான். அதற்கு முந்தின தடவை நீங்கள். இனிமேல் எதுவானாலும் எழுதித்தான் கேட்க வேண்டும், எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அண்ணன் பஞ்சாயத்து பண்ணி வைத்ததும் நல்லதற்குத்தான். எழுதும்போது உங்களால் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அம்மா போனதிலிருந்து அவர் என் வீட்டில்தான் இருந்தார். இரண்டு குளிர்காலம் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். "ஒரு தடவை எங்க வீட்டுக்கும் அனுப்பேன், மாமாவை நீயே பூட்டி வெச்சுக்கிறியே" என்று கேட்டீர்கள். கேட்டதில் தப்பில்லை. உங்கள் வீடு ஐஸ் பெட்டி, அனுப்ப மாட்டேன் என்று நான் சொன்னேன். அதிலும் தப்பில்லை. ஆனால் மறுநாள் காலையில் அப்பா தானாகவே பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாரே, அதுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. "ஏம்பா, இங்க என்ன குறை?" என்று கேட்டேன். கையை மட்டும் ஆட்டினார். அவ்வளவுதான் பதில்.

சரி, போய்விட்டார். பார்த்துக்கொள்வது எப்படி என்றாவது தெரிந்துகொள்ளுங்கள். சாதமோ ரொட்டியோ, எதுவானாலும் குழைவாக இருக்க வேண்டும். காயை மசித்துப் போடுங்கள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு தனியாகத்தான் சாப்பிடுவார், பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுகிறேன் என்று நிற்காதீர்கள். காதை மூடும் தொப்பி பெட்டியின் அடியில் இருக்கிறது. பேச மாட்டார். ரயில் நிலையத்தில் மைக்கைப் பிடித்து எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று வேலைக்காலம் முழுக்க ஊருக்கே சொன்ன மனுஷன், என் வீட்டில் "ம்", "ம்ஹும்" என்ற இரண்டு சொல்லோடு இரண்டு வருஷம் ஓட்டினார். அம்மா போன துக்கம், அவர் போக்கில் விட்டுவிடுவோம் என்று நானும் இருந்துவிட்டேன்.

இப்படிக்கு,
மிளகா

(கையெழுத்தில் இந்தப் பேரைப் போடக் கூடாது என்றுதான் நினைத்தேன். அப்பா வைத்த பேர், அதனால் போட்டேன். அவர் அப்படிக் கூப்பிட்டே எவ்வளவு நாளாகிறது.)

டிசம்பர் 11

அன்புள்ள மிளகாவுக்கு,

நீ போடாமல் விட்டதையும் சேர்த்து நானே இரண்டு "அன்புள்ள" போட்டதாக வைத்துக்கொள்.

எங்கள் வீட்டை ஐஸ் பெட்டி என்று நீ சொன்னபோது கோபம் வந்தது நிஜம். இந்த வாரம் அந்தக் கோபத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன். மாடியறைகளைப் பூட்டிவிட்டோம். ஹீட்டர் இருக்கும் கூடத்தில்தான் எல்லோருக்கும் படுக்கை. வரிசையாக மெத்தை போட்டு, சுவரோரம் மாமா, அடுத்து உன் அண்ணன், நடுவில் என் மகள் வாயாடி, கடைசியில் கதவிடுக்குக் காற்றுக்கு அணையாக நான். வாயாடி தூக்கத்திலும் பேசுகிறாள், மாமா விழித்திருக்கும்போதும் பேசுவதில்லை. சராசரி போட்டால் சரியாக வந்துவிடுகிறது.

உன் அண்ணனுக்கு வேலையே இல்லை. குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் செய்பவரை இந்தக் குளிரில் யார் கூப்பிடுவார்கள்? பாலை ஜன்னலுக்கு வெளியே வைத்தால் போதுமே. அதனால் வீட்டுக் குழாய்களுக்கெல்லாம் பழைய ஸ்வெட்டர் மாட்டிவிட்டுக்கொண்டிருக்கிறார். சமையலறைக் குழாய்க்கு என் கல்யாணத்துக்கு முந்தின ஸ்வெட்டர். எனக்குச் சேராததெல்லாம் குழாய்க்குச் சேருகிறது. துணி காயப்போட்டால் பலகையாகிவிடுகிறது. நேற்று அவருடைய பேன்ட்டைக் கொடியிலிருந்து எடுத்துச் சுவரோரம் வைத்தேன், தானாக நின்றது. வாயாடி அதற்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

நீ சொன்னபடிதான் மாமாவைப் பார்த்துக்கொள்கிறேன். குழைத்து வைத்துவிட்டு நான் நகர்ந்துவிடுகிறேன். அவர் தினமும் மத்தியானம் என் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தே வருகிறார். பனியில் வேண்டாம் மாமா என்றால் கேட்பதில்லை. எங்கள் பட்டறையைத்தான் நீ பார்த்திருக்கிறாயே. பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நாங்கள் மெழுகில் வரிசை கட்டி, பல் செட் செய்து திருப்பி அனுப்புவோம். மெழுகடுப்பு எப்போதும் எரிவதால் இந்த ஊரிலேயே கதகதப்பான இடம் அதுதான். டப்பாவைக் கொடுத்த பிறகும் மாமா போவதில்லை. குளிருக்கு ஒதுங்குகிறார் போல என்று உள்ளே உட்காரச் சொன்னேன். அலமாரியில் வரிசையாக இருக்கும் பல் செட்டுகளையே பார்த்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

இங்கேயும் அந்த "ம்", "ம்ஹும்" தவிர ஒன்றும் இல்லை. அதனால் உன் வீட்டில் மட்டும்தான் அப்படி இருந்தார் என்று மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அன்புடன்,
அண்ணி

டிசம்பர் 17

அண்ணிக்கு,

ஸ்வெட்டர் போட்ட குழாய்க் கதையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. (கொஞ்சம் வந்தது. அந்தப் பேன்ட்டுக்கு.)

மனசு கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினேன். அண்ணன்தான் எடுத்தான். உங்களோடு பேசத்தானே தடை, அப்பாவோடு பேச யாரைக் கேட்க வேண்டும்? கூப்பிடச் சொன்னேன். "அப்பா சாக்ஸ் தேடுறாராம்" என்றான். திரும்பவும் பண்ணினேன், இன்னும் தேடுகிறாராம். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பார்களே, அது மாதிரி. ஒரு "நல்லாருக்கேம்மா" சொல்ல எவ்வளவு நேரமாகும் அண்ணி? மகளிடம் பேசுவதற்குக்கூடவா சாக்ஸ் வேண்டும்?

இங்கே பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரின் கண்ணாடி உள்பக்கமே உறைந்துவிடுகிறது. சின்ன வட்டமாகச் சுரண்டி வைத்துக்கொண்டு, அது வழியாக வருகிறவர்களின் மூக்கை மட்டும் பார்த்து டிக்கெட் கொடுக்கிறேன். என் வீட்டுக்காரர் லாரியோடு பனிப்பாதையில் எங்கேயோ நிற்கிறார். வீட்டுக்கு வந்தால் அப்பா உட்காரும் நாற்காலி காலியாக இருக்கிறது. முன்பும் பேச்சுக் குரல் இல்லைதான், ஆனாலும் ஆள் இருந்தார்.

அவருக்குப் பழுப்புக் கம்பளி மப்ளர் ஒன்று பின்னி அனுப்பியிருக்கிறேன். நான் பின்னினது என்று சொல்லுங்கள்.

மிளகா

டிசம்பர் 23

அன்புள்ள மிளகாவுக்கு,

மப்ளர் வந்து சேர்ந்தது. சொன்னேன். மூக்குவரை சுற்றிக்கொண்டார், சாப்பிடும்போதும் கழற்றுவதில்லை.

இனி வேறு ஒரு கதை. போன புதன்கிழமை காலையில் எழுந்தால் வீட்டுக்குள்ளேயே எல்லாம் கல். ஹீட்டர் ராத்திரி எப்போதோ அணைந்திருக்கிறது. ஜன்னலோரம் இருந்த சமையல் எண்ணெய், ஷாம்பு, வாயாடியின் தண்ணீர்ப் பாட்டில் எல்லாமே கெட்டி. நாங்கள் மூட்டை மூட்டையாகப் போர்வைக்குள் கிடக்கிறோம், யார் முதலில் எழுந்து ஹீட்டரைப் பார்ப்பது என்று ஒருவரையொருவர் தூங்குவதாக ஏமாற்றிக்கொண்டு. வாயாடிதான் எழுந்தாள். ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அம்மா, ஐஸ்கட்டி சிரிக்குது!" என்று கத்தினாள்.

மாமாவின் டம்ளர். தண்ணீர் முழுக்க ஐஸ், ஐஸுக்கு நடுவில் பல் செட். இத்தனை நாள் திரைக்குப் பின்னால் அதை ஒளித்து வைத்திருந்தார் என்பதே எங்களுக்குத் தெரியாது. அவர் போர்வையை இழுத்து வாயை மூடிக்கொண்டு, "கொடு, கொடு" என்று கையை நீட்டுகிறார். உன் அண்ணன் கெட்டிலோடு ஓடி வருகிறார், வெந்நீர் ஊற்றி உருக்க. நான் கத்தின கத்தலில் தெருவே எழுந்திருக்கும். வெந்நீர் பட்டால் வளைந்துவிடும், அப்புறம் அது யார் வாய்க்கும் ஆகாது. டம்ளரை அப்படியே துண்டில் சுற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். மாமாவும் கூடவே வந்தார். நான் எவ்வளவு வேகமாக நடந்தேனோ அவ்வளவு வேகமாக வந்தார். அதை என்னிடம் தனியாக விட அவருக்கு மனசில்லை.

வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, உருகினதும் கையில் எடுத்தேன். திருப்பிப் பார்த்தேன். மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் என்ன பேசினோம் என்பது எங்களுக்குள் இருக்கட்டும். சத்தியம் வாங்கிக்கொண்டார். முடிவை மட்டும் சொல்கிறேன்: மாமாவுக்குப் புதுப் பல் செட் செய்கிறேன். எங்களுக்கு வேலை கொடுக்கிற டாக்டர் அச்சும் எடுத்துவிட்டார். நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அண்ணி

டிசம்பர் 29

அண்ணிக்கு,

"ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே" என்று எழுதிவிட்டால் ஆகிவிட்டதா? நிறைய நினைத்துக்கொண்டேன். எழுதுகிறேன், வரிசையாகப் படியுங்கள்.

அப்பாவுக்குப் புதுப் பல் எதற்கு? நல்ல பல் செட் இருக்கிறது. ரயில்வேயில் இருக்கும்போதே கட்டினது, மைக்கில் பேசுகிற வாய் என்று தேடிப் பிடித்து நல்ல டாக்டரிடம் கட்டினது. இரண்டு வருஷம் என் வீட்டில் அந்தப் பல்லோடுதான் சாப்பிட்டார். ஒரு நாள் வலிக்கிறது என்று சொன்னதில்லை. உங்கள் வீட்டுக்கு வந்த மாதத்திலேயே அது ஆகாமல் போய்விட்டதா? நாலு பேர் என்ன சொல்வார்கள்? "மகள் மசிச்சுப் போட்டே காலத்தை ஓட்டிட்டா, மருமகதான் பாவம் பல்லே கட்டிக் குடுத்தா" என்பார்கள். அந்தப் பேரை வாங்கத்தான் இந்த அவசரமா?

அதைக்கூட விட்டுவிடுகிறேன். "எங்களுக்குள்" என்று எழுதினீர்களே. அப்பாவும் நீங்களும் எப்போது "எங்களுக்குள்" ஆனீர்கள்? நான் எப்போது வெளியாள் ஆனேன்?

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். அப்பாவை அழைத்துக்கொண்டு மத்தியான வண்டியில் திரும்பிவிடுவேன். எனக்காகச் சமைக்க வேண்டாம்.

மிளகா

ஜனவரி 6

அன்புள்ள மிளகாவுக்கு,

சமைத்துத்தான் வைத்திருந்தேன். மூன்று நாள் அதையே சூடாக்கிச் சாப்பிட்டோம். பனி மூடித் தண்டவாளம் அடைந்துபோனது வானம் செய்த வேலை, நான் செய்தது என்று தயவுசெய்து நினைக்காதே. வழி திறக்க இன்னும் வாரக்கணக்கில் ஆகும் என்கிறார்கள், அதுவரை தபால் மட்டும்தான் ஜீப்பில் சுற்றி வருமாம்.

உன் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. கோபமாக எழுத வேண்டுமென்றால் எனக்கும் வரும், நீ அறிவாய். ஆனால் இந்தத் தடவை கோபம் வரவில்லை. நீ வெளியாள் இல்லை. இதற்கு மேல் சொல்ல என் சத்தியம் விடாது.

அதற்குப் பதிலாக வீட்டுச் செய்தி சொல்கிறேன். புதுப் பல் வெள்ளிக்கிழமை வாய்க்குள் போனது. முதல் நாள் கண்ணாடி முன்னால் நின்று உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை, நாங்கள் எல்லோரும் போர்வைக்குள் இருக்கும்போது, கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு அந்தப் பழைய குரலில் ஆரம்பித்தார்: "பயணிகளின் கவனத்திற்கு! மெத்தையிலிருந்து குளியலறை செல்ல வேண்டிய ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வண்டி, வழக்கம் போல் தாமதமாகப் புறப்படும். பள்ளி செல்லும் வாயாடி எக்ஸ்பிரஸ் இன்னும் சில நிமிடங்களில் முதலாவது நடைமேடையிலிருந்து..." உன் அண்ணன் போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். வாயாடி, "தாத்தா, உள்ள ஸ்பீக்கர் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டு அவர் வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தாள்.

அன்றிலிருந்து மூடவில்லை. தேநீர் கொதித்தால் அறிவிப்பு, தபால்காரர் வந்தால் அறிவிப்பு. போதும் மாமா என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, சொல்ல மனசில்லை.

நேற்றுதான் உன் அண்ணனுக்கு இந்தக் குளிர்காலத்தின் முதல் வேலை வந்தது. ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியே கொடுக்கவில்லை என்று ஒருத்தர் கூப்பிட்டிருக்கிறார். போய்ப் பார்த்தால் அந்த ஆள், "உள்ள கைய வெச்சா கதகதப்பா இருக்குங்க" என்கிறாராம். பெட்டி சரியாகத்தான் இருக்கிறது, அந்த வீடுதான் அதைவிடக் குளிர். "ஒண்ணும் பண்ணாதீங்க, கதவைத் திறந்து வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இதைக் கேட்டு மாமா சிரித்தார் பார், வாயை முழுசாகத் திறந்து, தொடையில் தட்டி, கண்ணில் தண்ணீர் வரும்வரை.

அன்புடன்,
அண்ணி

ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

சண்டை போட உட்காரவில்லை. நான் வரவேண்டிய வண்டி நின்றதும் நல்லதுதான். வந்திருந்தால் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து வாசலில் ரகளை பண்ணியிருப்பேன், என்னை எனக்குத் தெரியும்.

அவர் சிரித்தார் என்று நீங்கள் எழுதின பக்கத்தை மடித்து என் டிக்கெட் மேஜைக்குள் வைத்திருக்கிறேன். ஆள் வராத நேரத்தில் எடுத்துப் படிக்கிறேன். சந்தோஷமாக இருக்கிறது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே சந்தோஷம்.

அண்ணி, என் வீட்டில் அவர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் குரங்கு மாதிரிகூட ஆடிக் காட்டினார், லாரி ஓட்டுகிற அந்த உடம்பை வைத்துக்கொண்டு. அப்பா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவார். நாங்கள் செய்வது அவருக்கு எரிச்சலாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அம்மா போனது துக்கம் என்றால் உங்கள் வீட்டில் மட்டும் அது எங்கே போனது? பல் புதுசானால் மனசும் புதுசாகிவிடுமா?

ஒரே ஒரு கேள்வி. சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அப்பாவுக்கு என்னோடு இருக்கப் பிடிக்கவில்லையா? பிடிக்கவில்லை என்றால் அவரை நான் திரும்பக் கூப்பிட மாட்டேன். உங்கள் வீட்டிலேயே சிரித்துக்கொண்டு இருக்கட்டும். வெயில் காலம் வந்ததும் நான் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

மிளகா

ஜனவரி 17

என் அன்பு மிளகாவுக்கு,

மாமாவுக்குக் கொடுத்த சத்தியத்தை உடைக்கிறேன். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நீ கேட்ட கேள்விக்கு அப்புறமும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்குச் சோறு இறங்காது. உட்கார்ந்துகொண்டு படி.

உன் அம்மாவின் பல் செட்டைச் செய்தது நான் என்பது உனக்குத் தெரியும். நான் மருமகளாக வந்து முதலில் செய்து கொடுத்தது அதுதான். மெழுகில் வரிசை கட்டி, முத்து மாதிரி நேராக வைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். அத்தை பார்த்துவிட்டு, "இது யாரு வாயி? எனக்கு முன்பல்லு ஒண்ணு பக்கத்துப் பல்லு மேல ஏறி உக்காந்திருக்கும். அது இல்லாம நான் சிரிச்சா உன் மாமா வேற யாரோன்னு நெனைப்பாரு" என்றார். அதனால் ஒரு பல்லை வேண்டுமென்றே கோணலாகத் திருப்பி வைத்தேன். அந்த மாதிரி இன்னொரு செட்டை நான் செய்ததில்லை.

அன்றைக்கு டம்ளரில் ஐஸ் உருகி என் கைக்கு வந்தது அதுதான். மாமா போட்டுக்கொண்டிருந்தது அத்தையின் பல் செட்.

அத்தை போன அன்று வீட்டில் இரண்டு டம்ளர் இருந்திருக்கிறது, ஒன்றில் மாமாவுடையது, மற்றதில் அத்தையுடையது. அம்மா பல்லில்லாமல் போகக் கூடாது, அவள் முகம் அவள் முகமாகவே இருக்க வேண்டும் என்று நீ அழுதுகொண்டே ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு போய், உடலுக்கு அலங்காரம் செய்த பெண்ணிடம் கொடுத்தாயாம். தாடையைச் சேர்த்துத் துணி கட்டியாயிற்று, யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் மாமா தன் டம்ளரை எடுத்துப் பார்த்தால் உள்ளே அந்தக் கோணல் பல்.

நான் கேட்டேன், "உடனே சொல்லியிருக்கலாமே மாமா?" அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எப்படிம்மா சொல்றது? அவ அம்மாவுக்குக் கடைசியா ஒரு நல்லது பண்ணிட்டோம்னு நெனைச்சுக்கிட்டிருந்தா. அந்த ஒரு நெனைப்புலதான் தெம்பாவே நின்னா. அதுல போயி நான் மண்ணைப் போடவா? போனவகிட்டப் போயி பல்லைத் திருப்பிக் கேக்கவா முடியும்?" அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அவ என் பல்லோட போயிட்டா, நான் அவ பல்லோட இருக்கேன். இத்தனை வருஷக் குடித்தனத்துல நாங்க இவ்வளவு ஒத்துமையா இருந்ததே இல்ல."

அந்தப் பல் அவர் தாடைக்குச் சின்னது மிளகா. வெளியில் முகம் தெரிவதற்காக மாட்டிக்கொள்வார், சாப்பிடும்போது கழற்றிவிடுவார். அதற்குத்தான் தனியாகச் சாப்பாடு. வாயைத் திறந்தால் வழுக்கும், அதற்குத்தான் "ம்", "ம்ஹும்". போனில் பேசினால் குழறும், அதற்குத்தான் சாக்ஸ். உன் வீட்டுக்காரர் குரங்காட்டம் ஆடின அன்று, எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தலையணையில் முகத்தை வைத்துச் சிரித்தாராம். முன்னால் சிரித்திருந்தால் பல் செட் உன் மடியில் விழுந்திருக்கும். தனியாக டாக்டரிடம் போகலாம் என்று பார்த்தால், நீ தெருமுனைக் கடைக்குக்கூட அவரைத் தனியாக விட்டதில்லை.

உன்னை விட்டு ஏன் கிளம்பினார் என்று கேட்டாயே. என் பட்டறைக்காகக் கிளம்பினாராம். யாருக்கும் தெரியாமல் ஒரு பல் செட் வாங்கிக்கொண்டு உன்னிடமே திரும்பிவிடலாம் என்று. வந்த பிறகு என்னிடம் கேட்க வெட்கம். தினமும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து அலமாரியைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். நானோ குளிருக்கு ஒதுங்குகிறார் என்று சுடச்சுடத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிடிக்காமல் இல்லை. பிடித்துத்தான் இத்தனையும்.

உன் அண்ணி

ஜனவரி 23

அன்புள்ள, அன்புள்ள, அன்புள்ள அண்ணிக்கு,

கவுண்டரிலேயே பிரித்துப் படித்துவிட்டேன். முதலில் அழுதேன். கண்ணாடியில் சுரண்டி வைத்த வட்டம் வழியாக ஒரு மூக்கு, "ஏம்மா, பஸ் வராதா?" என்று பயந்துபோய்க் கேட்டது. வரும், வரும் என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். திரும்பவும் படித்தேன். "அவ என் பல்லோட போயிட்டா" என்ற இடத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தேன். அடுத்த மூக்கு இன்னும் பயந்துவிட்டது.

ஆமாம் அண்ணி, இடப்பக்க டம்ளர் அம்மாவுடையது என்று நினைத்துத்தான் எடுத்தேன். இடமும் வலமும் எனக்கு எப்போதும் தகராறு. அம்மா இருந்திருந்தால், "உனக்கு வாய் இருக்கிற அளவுக்குக் கண்ணு இல்லடி" என்று சொல்லியிருப்பாள், அப்பாவின் பல்லோடு.

இரண்டு வருஷம். வலித்திருக்குமே. நான் மசித்துப் போட்டுக்கொண்டே "இன்னும் கொஞ்சம் சாப்பிடுப்பா" என்று உயிரை எடுத்திருக்கிறேன். எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அவர் எனக்காகக் காப்பாற்றினதை நான் அவருக்காகக் காப்பாற்றுகிறேன். அந்தப் பழைய செட்டை என்ன செய்தீர்கள்? எறிந்துவிடவில்லையே? உங்கள் மேல் போட்ட பழியெல்லாம் வாபஸ். அந்தப் பேரை நீங்களே தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், மருமகள்தான் பல் கட்டிக் கொடுத்தாள் என்று நானே நாலு பேரிடம் சொல்லிவிட்டேன்.

உங்கள் மிளகா

பிப்ரவரி 3

அன்புள்ள மிளகாவுக்கு,

அவசரமாக நாலு வரி. தண்டவாளம் திறந்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் மாமா பெட்டியைக் கட்டிவிட்டார். நாங்கள் கெஞ்சினோம், வாயாடி பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். "எம் பொண்ணு தனியா இருக்கா, லாரிக்காரன் வீட்டுல தங்க மாட்டான்" என்று சொல்லிவிட்டார். அத்தையின் செட்டைத் துணியில் சுற்றி அவரே பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். "அவளையும் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி. வழுக்கும், பார்த்து வா.

அண்ணி

பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

அப்பா வந்து சேர்ந்துவிட்டார். இப்போது அடுத்த அறையில் என் வீட்டுக்காரருக்கு ரயில் பாதை எப்படிப் போகிறது என்று விளக்கிக்கொண்டிருக்கிறார். லாரி ஓட்டுகிறவர் பாவம், தலையை ஆட்டிக்கொண்டே தூங்குகிறார். நான் சமையலறையில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், இனிமேல் நாம் டக்கென்று வைக்க மாட்டோம். ஆனால் இதை எழுதத்தான் வேண்டும் போலிருக்கிறது.

ஸ்டேஷனுக்குச் சீக்கிரமே போய்விட்டேன். என்ன பேச வேண்டும், எதைப் பேசக் கூடாது என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள வேண்டும், அழக் கூடாது, "அட, பல்லு புதுசா இருக்கே" என்று ஆச்சரியப்பட வேண்டும். நடைமேடை முழுக்கக் கண்ணாடி மாதிரி பனி. உப்புப் போட்டவர்கள் பாதியில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள்.

வண்டி நின்றது. அப்பா நான் பின்னின மப்ளரைச் சுற்றிக்கொண்டு, பெட்டியோடு படியில் நின்று தேடினார். என்னைப் பார்த்ததும், அந்த ஸ்டேஷன் குரலில், அந்தக் கோடியிலிருந்து, "மிளகா!" என்று கூப்பிட்டார். நான் படித்து வைத்ததெல்லாம் அதோடு சரி. சின்னப் பிள்ளை மாதிரி ஓடினேன். நாலு எட்டு போயிருப்பேன், இரண்டு காலும் ஒரே நேரத்தில் என்னை விட்டுப் போய்விட்டன. கைப்பை ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம், நான் உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கிக்கொண்டு போய், சுமை தூக்குகிறவர் ஒருத்தரின் மூட்டைகளுக்கு நடுவில் பொத்தென்று நின்றேன்.

அப்புறம் அப்பா சிரித்தார். வாயை முழுசாகத் திறந்து, பெட்டியைக் கீழே போட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, நிறுத்த முடியாமல். வண்டியிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன, அவர் சிரிப்பதைப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள். மூட்டைக்காரர் மட்டும் பதறிப்போய் கையை நீட்டி, "எழுந்திரும்மா, அடிபட்டுதா?" என்று கேட்டார்.

இடுப்பு வலித்தது அண்ணி, இப்போதும் வலிக்கிறது. "இருங்க, கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அப்பா சிரித்து முடிக்கிற வரைக்கும் அந்தப் பனியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

உங்கள்,
மிளகா